ஒளி கொடுப்பதும் வெளுக்கச் செய்வதும்

(வானொலி இலக்கிய உரைத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்துருவம்)



இலக்கியத்துக்கென ஒதுக்கப்பட்ட இந்த நேரத்தில் ஒளிப்படக் கலையைப் பற்றிப் பேசுவதற்குத் தமிழாசிரியன் ஒருவன் ஏன் வந்தான் என உங்களிற் சிலர் எண்ணக்கூடும். அதற்குக் காரணம் ஒரு மாணவனுடைய கொப்பி. நான் கற்பிக்கும் இந்துக் கல்லூரியில் உயர்தர வகுப்பில் ஊடகக் கற்கை பயிலும் மாணவன் அவன். தானே எடுத்த 12 ஒளிப்படங்களை அச்சிட்டு அந்தக் கொப்பியில் ஒட்டியிருந்தான். ஒவ்வொரு படத்துக்கும் எதிர்ப்பக்கத்தில் அதன் நிறைகுறைகளைத் தன் கையாலேயே எழுதியிருந்தான். மொழியைத் திருத்தித் தருமாறு கேட்டு என்னிடம் கொண்டுவந்தான். திருத்துவதற்கு அதில் அதிகம் இருக்கவில்லை. சில ஒற்றுப் பிழைகள், இரண்டொரு எழுவாய் பயனிலை முரண்கள், அவ்வளவே. சிந்திப்பதற்கோ நிறைய இருந்தது. அவனுடைய இசைவைப் பெற்றே அக்கொப்பியைப் பற்றி இன்று பேசுகின்றேன்.

முதலிற் சொற்களைப் பார்த்துக்கொள்வோம். ஒளிப்படம் பயில்வோர் முதல் நாளிலேயே கேட்கும் சொற்கள் இரண்டு. ஒன்று கொம்பொசிஷன், மற்றையது எக்ஸ்போஷர். முன்னையதைப் படவமைப்பு என்றும் பின்னையதை ஒளியேற்பு என்றும் மாணவன் எழுதியிருந்தான். அந்தக் காலத்து ஆங்கிலப் பாடசாலைகளிலே கட்டுரைப் பாடத்துக்கும் கொம்பொசிஷன் என்றுதான் பெயர். கட்டப்பட்ட உரை கட்டுரை. கட்டும்போது சிலவற்றைச் சேர்க்கின்றோம், சிலவற்றை வெளியே விடுகின்றோம். ஒளிப்படத்துக்கும் நான்கு விளிம்புகள் உண்டு. எது உள்ளே நிற்கும், எது வெளியே போகும் என்பதை அந்த நான்கு கோடுகளே தீர்த்துவிடுகின்றன.

ஒளியேற்பு என்பது கமராவினுள்ளே எவ்வளவு ஒளியை விடுவது என்ற கணக்கு. துவாரம் எவ்வளவு அகலம், ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கும், பிலிம் அல்லது இக்காலத்து உணரி ஒளியை எவ்வளவு விரைவாக உணரும் ஆகிய மூன்றும் அதில் அடங்கும். ஒரு படி கூட்டினால் ஒளி இரட்டிக்கும். ஒரு படி குறைத்தாற் பாதியாகும். நல்ல வெயிலிலே ஐ.எஸ்.ஓ. 100 பிலிமுக்குத் துவாரத்தை எஃப் 16 இல் வைத்து, ஒரு செக்கனை 125 ஆகப் பிரித்து அதில் ஒரு பங்கு நேரம் ஷட்டரைத் திறந்தாற் போதும் என்பது பிலிம் காலத்துப் படப்பிடிப்பாளர்கள் மனனஞ் செய்து வைத்திருந்த கணக்கு.

தமிழ் படித்தவர்களுக்கு இதைப் பற்றிக்கொள்ள இன்னொரு வழியும் உண்டு. தொல்காப்பியம் அகப்பாடலின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாக வகுக்கின்றது. முதற்பொருள் நிலமும் பொழுதும் ஆகும். படவமைப்பு நிலத்தைத் தேர்கின்றது. ஒளியேற்பு பொழுதைத் தேர்கின்றது. அந்நிலத்து மரமும் மாவும் புள்ளும் பறையும் கருப்பொருள். இவை மூன்றையும் கமரா நமக்குத் தந்துவிடும். உரிப்பொருளை மாத்திரம் அது தராது; அது படம் எடுப்பவனிடமிருந்து வரவேண்டும். இந்த மாணவன் தன் படங்களில் அதைத் தேடிக்கொண்டிருந்தான் என்பதே என் கருத்து.

முதற்படம் ஒரு கோயிலின் தேர்த்திருவிழா. வடம் பிடிக்கும் ஆடவர் கூட்டம். இடுப்பிலே வெள்ளை வேட்டி, மேலே வெற்றுடம்பு, காலை வெயில். படத்திலோ வேட்டிகள் நாட்கணக்காகத் தோய்க்காதவை போற் சாம்பல் பூத்திருந்தன. உடம்புகள் ஒன்றோடொன்று கலந்து கரும்பாறையாகத் தெரிந்தன. இது ஏன் நேர்கின்றது? கமராவிலுள்ள ஒளிமானிக்கு வேட்டியும் தெரியாது, மனிதரும் தெரியாது. தன் முன்னால் இருப்பதெல்லாம் ஏறத்தாழ 18 வீத ஒளியைத் திருப்பியனுப்பும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று கொண்டே அது கணக்குப் பார்க்கும். வெண்மை மிகுந்த காட்சியைக் கண்டால் ஒளி கூடிவிட்டதென்று குறைத்துவிடும். கருமை மிகுந்ததைக் கண்டாற் கூட்டிவிடும். மாணவன் எழுதுகின்றான்: “கமரா பொய் சொல்லவில்லை. எல்லாவற்றையும் சராசரி ஆக்கியது. எது வெள்ளை என்பதை நான்தான் அதற்குச் சொல்லியிருக்க வேண்டும்.” அடுத்த தேருக்கு அவன் ஒரு படி ஒளியைக் கூட்டி எடுத்த படமும் பக்கத்திலேயே இருக்கின்றது. அதில் வேட்டி வேட்டியாக இருக்கின்றது; மனிதர் தனித்தனி மனிதராகத் தெரிகின்றனர்.

17 வயதுப் பிள்ளையின் எழுத்து இது. பரீட்சைக் கட்டுரைகளை ஆண்டுதோறும் திருத்துகின்ற எனக்கு இந்தச் ‘சராசரி’ என்ற சொல் உறைத்தது. பனையைப் பற்றி எழுதினாலும் பாரதியைப் பற்றி எழுதினாலும் நம் பிள்ளைகளின் கட்டுரைகள் ஒரே சாம்பல் நிறத்தில் வந்து சேருகின்றன. வெள்ளையை வெள்ளை என்று சொல்லும் பொறுப்பை எழுதுபவன் ஏற்காதபோது மனனஞ் செய்த வசனங்கள் அந்த வேலையைப் பார்க்கின்றன.

ஒளிமானியின் துணையின்றியே அந்தப் பொறுப்பை ஏற்ற ஒருவரின் கதை ஒளிப்பட வரலாற்றிலே பெயர்பெற்றது. அமெரிக்கரான அன்சல் அடம்ஸ் நிலக்காட்சிப் படங்களுக்காக அறியப்பட்டவர். 1941 ஆம் ஆண்டு நவம்பர் 1 ஆம் திகதி மாலை நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஹெர்னான்டஸ் என்ற சிற்றூரைக் கடந்து காரிற் போய்க்கொண்டிருந்தார். கிழக்கே நிலவு எழுந்துவிட்டது. மேற்கே சாயும் வெயில் ஊர்ச் சவக்காலையின் வெள்ளைச் சிலுவைகளில் இன்னும் பட்டுக்கொண்டிருந்தது. பெரிய கமராவை அவசரமாகப் பொருத்தினார். ஒளிமானியைத் தேடினார், அகப்படவில்லை. நிலவின் பிரகாசம் சதுர அடிக்கு 250 கண்டல் என்பது அவருக்கு ஞாபகத்தில் இருந்தது. அந்த ஒன்றைக்கொண்டு மனத்துக்குள்ளே கணக்கிட்டுப் படத்தை எடுத்தார். இரண்டாவது படத்துக்கு ஆயத்தமாவதற்குள் சிலுவைகளில் இருந்த வெயில் போய்விட்டது. ‘நிலவெழுச்சி, ஹெர்னான்டஸ்’ என்ற புகழ்பெற்ற படம் அவ்வாறு கிடைத்தது.

இதில் இன்னொரு செய்தியும் உண்டு. அப்படம் எடுத்த திகதியை அடம்ஸ் குறித்துவைக்கவில்லை; வெவ்வேறு வேளைகளில் வெவ்வேறு ஆண்டுகளைச் சொல்லிவந்தார். படத்தில் நிலவு நிற்கும் இடத்தைக்கொண்டு வானியலறிஞர்கள் கணித்தே, 1991 இல் அந்நாள் உறுதியாயிற்று. இக்காலத்துக் கமராக்கள் திகதி, நேரம், துவாரம், ஷட்டர் எல்லாவற்றையும் படத்தோடு சேர்த்துப் பதிந்துவிடுகின்றன. ஏன் அப்படி எடுத்தோம் என்ற காரணம் மாத்திரம் எந்தக் கமராவிலும் பதிவாவதில்லை. மாணவனின் கொப்பி அந்த இடத்தை நிரப்புகின்றது.

இனிப் படவமைப்புக்கு வருவோம். சட்டகத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் மும்மூன்று பங்காகப் பிரித்து, முக்கியமானதை அந்தக் கோடுகளிலே நிறுத்த வேண்டும் என்பது தொடக்க வகுப்புப் பாடம். இதற்கு ‘மூன்றிலொரு பங்கு விதி’ என்று பெயர். ஒளிப்படம் பிறப்பதற்கு முன்னரே, 1797 இல், ஜோன் தோமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேயர் நாட்டுப்புறக் காட்சிகளைத் தீட்டுவது பற்றிய தமது நூலில் இப்பெயரைச் சொல்லியிருக்கின்றார். நம் மாணவனின் ஐந்தாவது படம் இவ்விதிக்கு நல்ல உதாரணம். கோயில் மடத்தில் அன்னதானம் நடைபெறுகின்றது. பரிமாறுபவர் மிகச் சரியாக வலப்பக்கத்துக் கோட்டில் நிற்கின்றார். முகத்திலே மலர்ச்சி, கையிலே அகப்பை. இடப்பக்கத்தில் இருந்து மூன்று கைகள் தட்டுகளை நீட்டுகின்றன. மணிக்கட்டோடு சட்டகம் முடிந்துவிடுகின்றது.

மாணவன் எழுதியது இது: “விதிப்படி படம் சரி. ஆனால் கொடுப்பவருக்கு முகம் இருக்கிறது, வாங்குபவருக்குக் கை மட்டும் இருக்கிறது. நான் அப்படி நினைத்து எடுக்கவில்லை. படம் அப்படித்தான் சொல்கிறது.”

நான் அவனோடு சற்று வாதாடிப் பார்த்தேன். “தம்பி, பசியோடு வந்தவரின் முகத்தைக் காட்டாமல் விடுவதும் ஒரு மரியாதைதானே?” என்று கேட்டேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: “அது மரியாதைதான் சேர். ஆனா நான் மரியாதைக்கெண்டு விடேல்லை. அவையளை நான் பாக்கேல்லை, அதாலைதான் விட்டனான்.”

நேயர்களே, இலக்கியத் திறனாய்வில் நாம் நூல்களைப் புரட்டி விளக்கும் ஒரு கருத்தை அவன் இரண்டு வசனத்தில் சொல்லிவிட்டான். எழுதியவன் நினைத்தது ஒன்றாக இருக்கலாம். எழுத்துச் சொல்வது வேறொன்றாக இருக்கலாம். ஒன்றை வேண்டுமென்றே சொல்லாமல் விடுவது கலை. நம் முன்னோர் அதற்கு உள்ளுறை என்றும் இறைச்சி என்றும் பெயரிட்டுப் போற்றினர். காணாததால் விடுபட்டுப் போவதற்கு அப்பெயர்கள் பொருந்தா. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். எது எதுவென்று படைத்தவனுக்கு மட்டுமே தெரியும். அவனும் தன்னைத்தானே கேட்டாற்றான் தெரியும்.

எட்டாவது படம் பண்ணைக் கடலில் அந்திப்பொழுது. பார்த்த எல்லாரும் ‘வடிவான படம்’ என்று மெச்சியது இதைத்தான். செம்பொன்னாகக் கிடக்கும் நீர். அதன் நடுவே இடுப்பளவு நீரில் வலையோடு நிற்கும் ஒரு கடற்றொழிலாளி, கரிக்கோட்டுச் சித்திரம்போல. கல்லூரிக் கண்காட்சியிலும் அதுவே முன்னுக்கு வைக்கப்பட்டது. அவனுடைய குறிப்போ வேறு விதமானது: “சூரியனுக்கு ஏற்றபடி ஒளியை வைத்தேன். சூரியன் வந்தது, அவர் போய்விட்டார். அவரைத் தெரிந்தவர்களுக்கும் இந்தப் படத்தில் அவரைத் தெரியாது.”

நிழலுருவப் படம் ஒரு குறை என்று நான் சொல்ல வரவில்லை. அதுவும் ஒரு கலைவடிவமே. குறையா தெரிவா என்பது எடுத்தவன் அதை விரும்பி ஏற்றானா என்பதிலே தங்கியிருக்கின்றது. ஜூலியா மார்கரட் கமரன் என்ற அம்மையார் தமது 48 ஆவது வயதில், மகளும் மருமகனும் கொடுத்த கமராவோடு ஒளிப்படக் கலைக்குள் நுழைந்தவர். அவருடைய படங்கள் துலக்கமற்றவை, மங்கலானவை என்று அக்காலத்து ஒளிப்பட ஏடுகள் கண்டித்தன. அவரோ முகத்தின் உள்ளொளியை நாடி அந்த மங்கலை வைத்துக்கொண்டார். 1875 இல் கணவரோடு இலங்கைக்கு வந்து களுத்துறையிலே வாழ்ந்தபோது, இங்குள்ள உழைக்கும் மக்களையும் அவர் படமெடுத்தார். 1879 இல் இந்நாட்டிலேயே காலமாகி, பொகவந்தலாவையில் அடக்கஞ் செய்யப்பட்டார். அன்று குறையென்று தள்ளப்பட்டதை இன்று உலகம் அவருடைய தனித்துவம் என்கின்றது. ஏனெனில் அது அவர் அறிந்து செய்தது.

ஒளியேற்பில் நம்மைப்போன்றோரை நேரடியாகத் தொடும் விடயம் ஒன்றும் உண்டு. அது தோலின் நிறம். 1950களில் இருந்து கொடக் நிறுவனம், வர்ணப் படங்களை அச்சிடும் கூடங்களுக்கு மாதிரி அட்டைகளை அனுப்பிவந்தது. நிறம் சரியாக வந்திருக்கின்றதா என்று அவற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அவ்வட்டைகளில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். தொழில் வட்டாரத்தில் அதற்கு ‘ஷேர்லி அட்டை’ என்றே பெயர். அவளுடைய தோல் சரியாக வந்தாற் படம் சரி. கறுத்தவரும் வெளுத்தவரும் ஒரே படத்தில் இருந்தாற் கறுத்தவர் முகத்தில் கண்ணும் பல்லும்தான் மிஞ்சும். கருநிறத்தின் வேறுபாடுகளைப் பிலிம் காட்டவில்லையென்று சொக்கிலேற்றுக்காரரும் மரத்தளபாடக்காரரும் முறையிட்டது பிலிம் திருந்தியதற்கு ஒரு காரணம் என்று ஆய்வாளர் எழுதியுள்ளனர். பல நிறத்தவரையும் கொண்ட அட்டைகள் 1990களிலேயே வந்தன.

அதற்கு எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்னரே, கொழும்பிலே லயனல் வென்ட் என்ற கலைஞர் கறுப்பு வெள்ளைப் படங்களில் நம் நாட்டு மக்களின் மேனியை அதன் மினுக்கத்தோடு காட்டியிருக்கின்றார். 1900 இல் பிறந்து 1944 இல் மறைந்த அவர் சட்டம் படித்தவர், தேர்ந்த பியானோக் கலைஞர், ‘43 குழு’ ஓவியர்களுக்குப் பெருந்துணையாக நின்றவர். கொழும்பில் அவர் பெயரால் அமைந்த அரங்கை நீங்கள் அறிவீர்கள். அவர் இறந்தபின் அவருடைய நெகற்றிவ்கள் அழிக்கப்பட்டன. அவர் அச்சிட்டு வைத்த படங்களே எஞ்சின. அவற்றிலே கரிய முதுகொன்றின் மேல் விழும் ஒளியைப் பார்த்தால், கருமைக்குள் எத்தனை படிநிலைகள் உண்டென்பது விளங்கும். ஒளியை எங்கே வைப்பது என்று அறிந்தவனுக்குக் கருநிறம் ஓர் இருள் அன்று.

இவ்வளவையும் சொல்லி வந்தது மாணவனின் கடைசிப் படத்துக்காக. அது அவனுடைய அம்மம்மாவின் படம்.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது அந்தக் குடும்பமும் இடம்பெயர்ந்தது. திரும்பி வந்தபோது வீட்டிலே அல்பங்கள் இருக்கவில்லை. அம்மம்மாவின் கலியாணப் படமும் அவற்றோடு போயிற்று. எஞ்சியது அடையாள அட்டையில் இருந்த முத்திரையளவு படம். ஆகவே பேரன் கமராவைக் கையிலெடுத்தபோது அந்த வீட்டில் அது வெறும் பாடசாலை வேலையாக இருக்கவில்லை.

அவர் முற்றத்து வாசலை முதுகாகக் கொண்டு கூடத்திலே அமர்ந்திருக்கின்றார். முதல் தடவை எடுத்தபோது பின்னாலிருந்த முற்றமும் செவ்வரத்தையும் அழகாக வந்தன. அவருடைய முகம் இருண்டுவிட்டது. இரண்டு படி ஒளியைக் கூட்டி மறுபடி எடுத்தான். முற்றம் வெறும் வெள்ளையாகக் கரைந்துபோயிற்று. முகம் வந்தது. நெற்றிக் கோடுகளும் மூக்குத்தியும் வெயிலில் உழைத்துக் கறுத்த கன்னமும் அப்படியே வந்தன. அவன் எழுதியது ஒரே வரி: “முற்றம் போனது, அம்மம்மா வந்தா.”

சில மாதங்களின் பின் அவர் காலமானார். 31 ஆம் நாள் நினைவுமலருக்கு வேறு படம் இல்லாதபடியால், உறவினர்கள் இதையே ஒரு ஸ்ரூடியோவிற் கொடுத்தார்கள். மலரில் வந்த படத்தின் ஒரு பிரதியையும் மாணவன் கொப்பியில் ஒட்டியிருக்கின்றான். பின்னணியில் நீல வானமும் முகிலும். நெற்றியிலே ஒரு கோடும் இல்லை. நிறமோ கோதுமைமா நிறம். வந்தவர்கள் ‘நல்ல வடிவாய் இருக்கு’ என்று சொன்னார்களாம். அவனுடைய தாயார் மட்டும் நெடுநேரம் பார்த்துவிட்டு, “அம்மா இப்பிடி இருக்கேல்லை” என்றாராம்.

மாணவன் எழுதுகின்றான்: “நானும் ஒளியைக் கூட்டினேன், அவர்களும் கூட்டினார்கள். நான் கூட்டியது அம்மம்மாவைப் பார்ப்பதற்கு. அவர்கள் கூட்டியது அவவை மாற்றுவதற்கு.”

இந்த வரிக்குக் கீழே நான் திருத்தமெதுவும் இடவில்லை.

நேயர்களே, ஒளி கொடுப்பது வேறு, வெளுக்கச் செய்வது வேறு. நம் எழுத்துலகிலும் இவ்விரண்டும் நடக்கின்றன. நினைவுமலர்களில் நாம் எழுதும் இரங்கலுரைகளை எடுத்துக்கொள்ளுங்கள். மறைந்தவர் எவராயினும் தருமசீலர், புன்னகை மாறாதவர், எவரையும் நோகாதவர். அவரோடு வாழ்ந்தவர்கள் அதைப் படித்துவிட்டு அந்தத் தாயாரைப்போல மனத்துக்குள்ளே ‘இவர் இப்படி இருக்கவில்லையே’ என்று சொல்லிக்கொள்கின்றார்கள். அவருடைய கோபமும் பிடிவாதமும், கடன்பட்டுப் பிள்ளைகளைப் படிப்பித்த பாடும் எங்கே? கோடுகளை அழித்துவிட்டால் அந்த முகத்தை யாருக்கும் அடையாளம் தெரியாது. நல்ல சிறுகதையும் நல்ல வாழ்க்கை வரலாறும் செய்வது இதற்கு மாறானது. இருளில் இருப்பவருக்குப் போதிய வெளிச்சம் கொடுக்கின்றன. அதற்காகப் பின்னணி அழகுகளை இழக்கவும் துணிகின்றன. அவர் நிறத்தை மட்டும் மாற்றுவதில்லை.

இன்று ஏறத்தாழ எல்லார் கையிலும் கமராவுள்ள தொலைபேசி இருக்கின்றது. கேளாமலே முகத்தை வெளுப்பாக்கி மெருகிடும் வசதிகளும் அவற்றிற் பலவற்றில் உள்ளன. பிடிக்காத படத்தை ஒரு விரலால் அழித்துவிடலாம். இதனால் ஒரு தலைமுறை தன் பிழைகளைப் பார்க்காமலே வளரும் ஆபத்து உண்டு. ஆகவே ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு சிறிய வேண்டுகோள். பிள்ளை ஒரு படத்தை அழிக்கப் போகும்போது, ஏன் அழிக்கின்றாய் என்று இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். யார் இருட்டில் நிற்கின்றார்கள், யார் விளிம்பில் வெட்டுப்பட்டார்கள், அது தெரிந்து செய்ததா தெரியாமல் நேர்ந்ததா என்று எழுதட்டும். அந்த இரண்டு வரியில் கட்டுரைப் பயிற்சி இருக்கின்றது. பிறரை உள்ளபடி பார்க்கும் பயிற்சியும் அதிலேயே இருக்கின்றது.